மரப்படகில் வேற யாரு?

தேனியில் அவர் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். ஆடித் தள்ளுபடி, பள்ளிக்கூட அட்மிஷன், இலவசக் கண் பரிசோதனை முகாம், கட்சிப் பொதுக்கூட்டம், கேதம் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குரல்தான். கேதம் என்றால் எங்கள் பக்கம் சாவுச் செய்தி. ஆட்டோ மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அந்தக் குரல் தெருவுக்குள் நுழைந்தால், முதல் நாலு வார்த்தை வரைக்கும் சேலைக்கா சாவுக்கா என்று யாராலும் சொல்ல முடியாது. கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள். 'அனைத்து ரகங்களும்' என்று வந்தால் மூச்சை விட்டுவிட்டு விட்ட வேலையைத் தொடருவார்கள்.

உழவர் சந்தையில் ஒரு நாள் அவர் கத்தரிக்காய் விலை கேட்டதும் கடைக்காரம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஆத்தா, ஒன் வாயத் தொறந்தாலே யாரு போய்ட்டாகன்னுதான் நெஞ்சு அடிக்குது. நீ கைய மட்டும் காட்டு, நான் எடுத்துத் தாரேன்."

இவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அன்றிலிருந்து அந்தக் கடையில் அவர் ஊமை.

அவர் பேரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று போனில் கேட்டேன். வேண்டாம் என்றார். அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இப்போது அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆனாலும் பழைய பென் டிரைவ்களில் இருந்து அவர் குரல் இன்னும் எங்கள் ஊரில் கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பழனிசெட்டிபட்டியில், கம்பம் ரோட்டின் மேல், ஒரு ஃப்ளெக்ஸ் கடையின் மாடியில் அவருடைய அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை. ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. ரெக்கார்டிங் என்றால் விசிறியை அணைத்துவிட வேண்டும். கார்த்திகை மார்கழியில் சபரிமலை வண்டிகள் வரிசையாக ஹார்ன் அடித்துப் போகும்போது வேலையே ஓடாது. ஆடியில் காற்று, கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டும். நடுவில் கிடைக்கும் அமைதியைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் பதிவு செய்வார்.

நான் அப்போது மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது அப்பா சொல்லும் கணக்கு. என் கணக்கில் நான் கப்பல்களைப் பற்றி ஒரு யூடியூப் சேனல் நடத்திக்கொண்டிருந்தேன். தேனியில் இருந்துகொண்டு கப்பலா என்று கேட்காதவர்கள் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் கடல் அரை நாள் தூரம். அதனால்தானோ என்னவோ எனக்குக் கப்பல் என்றால் பைத்தியம். சேனலுக்கு ஒரே ஒரு குறை, என் குரல். படபடவென்று பேசுவேன். 'அண்ணா, தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க' என்று கமெண்ட் வரும். அப்படித்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

முதல் நாள் எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கேதம் சொல்ல வந்தவர்கள். பேர், தெரு, எடுக்கும் நேரம், மகன்கள், மருமகன்கள், பேரன்கள் எல்லாம் ஒருவர் சொல்ல, அக்கா எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாரு?"

"அம்புட்டுத்தான்க்கா."

"வேற யாரும் இல்லையா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற இளவட்டம், "சின்னத்தை ஒருத்தி..." என்று இழுத்தான். பெரியவர் அவனை முறைத்தார். "அவ வரமாட்டா."

"வருவாகளான்னு நான் கேக்கலண்ணே. இருக்காகளான்னு கேட்டேன்."

பெரியவர் முட்டை அட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சின்னத்தையின் பேரைச் சொன்னார்.

அவருடைய குணம் என்று எதையாவது சொல்ல வேண்டும் என்றால் அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். கேத அறிவிப்பில் ஆட்களை விட்டுவிடுவது எங்கள் பக்கம் சகஜம். பாகத் தகராறில் பேச்சில்லாத அண்ணன், வேற ஆளுகளை, அதாவது வேறு சாதியில், கட்டிக்கொண்டு போன மகள், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் மைக்கில் இல்லாமல் போய்விடுவார்கள். அறிவிப்பு தெருவெல்லாம் சுற்றி வரும்போது, இன்னார் இந்தக் குடும்பத்தில் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். நோட்டீஸ் அடித்த மாதிரிதான். அக்கா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கீழே ஃப்ளெக்ஸ் கடை அண்ணனுக்கு இதனால் பெரிய தலைவலி. மேலே ஒலி, கீழே கண்ணீர் அஞ்சலி என்று இருவருக்கும் சேர்ந்துதான் ஆர்டர் வரும். "தாயி, ஆறுக்கு நாலு அளவுல செத்தவரு மொகத்தப் போடுறதா, நீ தேடிக் கண்டுபிடிக்கிற சொந்தக்காரகளப் போடுறதா? போன வாரம் போட்டதுல அந்தப் பெரியவருக்கு மீசை வைக்கவே எடம் இல்ல!" என்று படிக்கட்டில் நின்று கத்துவார்.

"மீசை இல்லாட்டியும் அவரு அவருதான்ணே" என்பார் அக்கா மேலிருந்து.

நான் கொண்டுபோனது ஒரு மரப்படகின் கதை. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர். அடிமை முறையை விட மாட்டோம் என்று தெற்கு மாகாணங்கள் பிரிந்துபோனதில் தொடங்கியது. வடக்கிடம் கப்பல்கள் போதவில்லை. மிதப்பது எதுவாக இருந்தாலும் வாங்கினார்கள். அப்படி வாங்கியதில் ஒன்றுதான் நம் படகு. அதற்கு முன் அது வெறும் அக்கரை இக்கரைப் படகு. வண்டி, மாடு, மனிதர் என்று ஏற்றி ஆற்றைக் கடக்கும். மேல்தளத்தில் பலகையை இறுக்கி, பீரங்கிகளை வைத்து, கடற்படைப் படகு ஆக்கிவிட்டார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சக்கரம், நடுவில் நீராவிக் கொதிகலன். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வடிவம் என்பதால், குறுகலான ஆற்றில் திரும்பாமலே பின்வாங்கும்.

"நம்ம டவுன் பஸ்ஸ அப்படிச் செஞ்சா நல்லாருக்கும்" என்றார் ஃப்ளெக்ஸ் அண்ணன். அவர் அடிக்கடி மேலே வந்து கதவோரம் நின்று கேட்பார்.

நான் எழுதியிருந்த முதல் வரி: 'ஆற்றில் மாடு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மரப்படகு போர்க்களத்தில் இறங்கியது!'

அக்கா வாசித்தார். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். கண் பரிசோதனை முகாம் மாதிரியே இருந்தது.

"அக்கா, கொஞ்சம் வேகம் வேணும். முடிவுல ஆச்சரியக்குறி போட்டிருக்கேன் பாருங்க."

"பாத்தேன் தம்பி. எனக்கு அது வாசிக்க வராது. ஆடித் தள்ளுபடிக்கே நான் போட்டதில்ல."

அப்படியே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டபோது அந்தச் சமமான குரல் படகுக்குப் பொருந்தத்தான் செய்தது. சிக்கல் அடுத்த பக்கத்தில் வந்தது. தலைவர் இன்னார், துணைத்தலைவர் இன்னார், பீரங்கி அதிகாரி இன்னார் என்று எழுதிவிட்டு, 'மற்றும் மாலுமிகள்' என்று முடித்திருந்தேன். அவர் வாசிப்பை நிறுத்தினார்.

"வேற யாரு?"

"அதான்க்கா, மாலுமிகள்."

"நடுவுல அடுப்பு எரியுதுன்னியே. மரப்படகுக்குள்ள அம்புட்டு நெருப்பு. அதுகிட்ட நின்னது யாரு?"

நிலக்கரி அள்ளிப் போடுபவர்கள் என்றேன். தெற்கில் தோட்டங்களில் இருந்து தப்பி ஓடி வந்த கறுப்பின அடிமைகள் பலரை அந்த மாதிரிப் படகுகளில் சேர்த்துக்கொண்டார்கள், பெரும்பாலும் அந்த வேலைதான் கொடுத்தார்கள் என்றேன்.

"அவுகளுக்குப் பேரு இல்லையா?"

"இது கேத அறிவிப்பு இல்லக்கா. வரலாறு."

"எனக்கு ரெண்டுக்கும் ஒரே மைக்குதான் தம்பி."

எரிச்சலாக இருந்தது. கேட்பவர்களுக்குப் பீரங்கி வேண்டும், வெடிக்க வேண்டும், அடுத்தது என்ன என்று தவிக்க வேண்டும். நடுவில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தால் எவன் பார்ப்பான்? அதோடு அவர் நிறுத்தினாரா? கரையில் இருந்து தெற்குப் படை சுட, படகு திருப்பிச் சுடும் கட்டம் வந்தது.

"கரையில நின்னவுக பக்கம் யாரும் சாகலையா?"

"அக்கா, அவங்க அடிமை முறைக்காகச் சண்டை போட்டவங்க."

"அது தப்புன்னு எழுது. நான் அழுத்தியே வாசிக்கிறேன். செத்தவுகளையும் சேத்து எழுது."

கதவோரம் நின்ற அண்ணன், "விட்டா பீரங்கிக்குச் சொந்தக்காரகளையும் கேப்பா" என்றார்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். இணையத்தில் அந்தக் காலத்துப் பணியாளர் பட்டியல்கள் பழைய தாள்களின் படமாகக் கிடைக்கின்றன. எழுத்தைப் பழக்கப்படுத்திக்கொள்ளவே சில நாள் ஆனது. நம் படகின் தாளும் கிடைத்தது. மறுபடி மாடியேறி அக்காவிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளைக்காரர்களுக்கு முன்பேர், பின்பேர், பதவி. அடுப்படி ஆட்களில் பலருக்கு ஒற்றைப் பேர். பதவி என்ற இடத்தில் 'பையன்'.

"பையன்னா? சின்னப் பிள்ளைகளா?"

"இல்லக்கா. வயசும் போட்டிருக்கு. முப்பது, நாப்பது எல்லாம் இருக்கு. தப்பி வந்தவங்களைப் பெரும்பாலும் அந்தப் பதவியிலதான் சேர்த்தாங்க."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கீழே ஃப்ளெக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "இங்கன மாதிரியேதான்" என்றார். எங்கள் ஊர் டீக்கடைகளில் தலை நரைத்த ஆளைச் சின்னப் பையன்கள் 'ஏலே' என்று கூப்பிடுவதை நானும் கேட்டு வளர்ந்தவன்தான்.

அந்தப் பட்டியலில் இரண்டு ஜேம்ஸ் இருந்தார்கள். வேறு அடையாளம் இல்லை, வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

"மூத்த ஜேம்ஸ், இளைய ஜேம்ஸ்னு வாசிச்சுக்கிறேன்."

"அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லக்கா. நாமளா சேக்கக் கூடாது."

"ரெண்டு பேருன்னு தெரியணும்ல தம்பி? ஒரே ஆளத்தான் ரெண்டு தடவ வாசிக்கிறேன்னு நெனச்சுட்டா?"

கடைசியில் 'ஜேம்ஸ், மற்றொரு ஜேம்ஸ்' என்று முடிவானது. அன்றைக்கு அவருக்கும் எனக்கும் ஒரே மகிழ்ச்சி. பெரிய சமாதான ஒப்பந்தம் போட்டுவிட்ட மாதிரி டீ சொல்லிக் குடித்தோம்.

அவருடைய கேள்வி எப்போதும் நல்லதே செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக் கதை பதிவாகியிருந்த நேரம். ஒரு குடும்பம் கேதம் சொல்ல வந்தது. வேற யாரு என்று கேட்டதற்கு யாரும் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருவில் இருந்து வந்த ஒரு பெண், அவர்களுக்கு மூத்த மகள் ஒருத்தி உண்டு, திருப்பூரில் இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அக்கா, 'திருப்பூரில் வசிக்கும் மூத்த மகள்' என்று பேரையும் சேர்த்து வாசித்து அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த மகளே போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அவள் அடிக்கிற புருஷனிடம் இருந்து தப்பித்து, எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்தவள். குடும்பம் அவளை ஒதுக்கியிருக்கவில்லை; ஒளித்து வைத்திருந்தது. அறிவிப்பைக் கேட்டுவிட்டுப் புருஷன் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். அவள் வேலையை விட்டு வேறு ஊருக்கு மாறிக்கொண்டிருந்தாள்.

"எம்பேரச் சொல்லச் சொல்லி ஒங்ககிட்ட யாருக்கா கேட்டா?"

அக்கா அன்றைய பதிவை அப்படியே நிறுத்திவிட்டு அறையைப் பூட்டினார்.

அவள் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஆனாலும் அக்கா சில நாள் அறையைத் திறக்கவில்லை. நான் கீழே ஃப்ளெக்ஸ் கடையில் போய் நின்றபோது அண்ணன்தான் சொன்னார். அக்காவின் ஊர் மார்க்கையன்கோட்டை. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் உள்ள குடும்பம். கம்பத்தில் இருந்து கேரளா ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். வேற ஆளுக. அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது.

"அவ ஆத்தா செத்தது அவளுக்கு எப்படித் தெரியும்ங்கற? சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. ஆட்டோல கேதம் போகுது. ஆத்தா பேரு. மகன் ரெண்டு பேரு பேரையும் சொல்றான், மருமகளுகளச் சொல்றான், பேரம் பேத்தியெல்லாம் சொல்றான். மகள்னு ஒருத்தி இல்ல. அப்ப ஏறுனவதான் இந்த மாடி." அண்ணன் ஃப்ளெக்ஸ் ஓரத்தைக் கத்தியால் வெட்டிக்கொண்டே சொன்னார். "நான் சொன்னேன்னு சொல்லிறாத. வாடகைய நிறுத்திருவா."

அக்கா மறுபடி அறையைத் திறந்தபோது கேள்வி இரண்டாகியிருந்தது. "வேற யாரு?" என்று கேட்பார். பேர் வந்ததும், "அவுக பேரச் சொல்லலாமா? அவுககிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்பார். வேண்டாம் என்று வந்தால் அந்தப் பேரைத் தாளில் அடித்துவிடுவார். ஏன் என்று கேட்க மாட்டார்.

மரப்படகின் கதையில் பெரிய கட்டம், ஒரு குண்டு பக்கப் பலகையைத் துளைத்துக்கொண்டு போய் நீராவிக் குழாயில் பட்டதுதான். கீழ்த்தளம் முழுக்க ஆவி. மேலே இருந்தவர்கள் தப்பித்தார்கள். அடுப்படியில் நின்றவர்களில் பலர் வெந்துபோனார்கள். தலைவரின் அறிக்கையில் காயம்பட்ட அதிகாரிகளின் பேர் எல்லாம் உண்டு. மற்றவர்கள் வெறும் 'மற்றவர்கள்'. நான் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்த நாளுக்குப் பிறகு சம்பளத் தாளில் வராத பேர்களை எடுத்து வைத்திருந்தேன். அக்கா அவற்றைக் கேத அறிவிப்பு மாதிரியே வாசித்தார். இன்ன ஊர், இன்னார் மகன் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால், ஒவ்வொரு பேருக்குப் பிறகும் அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்த பேருக்குப் போனார். அந்த இடைவெளிகளை எடிட்டிங்கில் வெட்டலாமா என்று நினைத்தேன். வெட்டவில்லை.

கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. போர் முடிந்து, படகை ஏலத்தில் விட்டு, பீரங்கிகளை இறக்கி, மறுபடியும் அக்கரை இக்கரைக்கே விட்ட கதை. அதைப் பதிவு செய்ய உட்கார்ந்த காலையில்தான் மார்க்கையன்கோட்டை ஆட்டோக்காரர் படியேறி வந்தார்.

"அவசரம்க்கா. கேதம். வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்காக, பாருங்க."

அக்கா போனை வாங்கிப் படித்தார். மேலும் கீழும் இரண்டு தடவை தள்ளிப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"எங்கப்பா" என்றார்.

சேலை அறிவிப்புக்கும் சாவு அறிவிப்புக்கும் இருக்கும் அதே குரல். ஆட்டோக்காரருக்கு அது கேட்கவில்லை; அவர் பென் டிரைவைத் தேடிக்கொண்டிருந்தார். நான் படித்தேன். மார்க்கையன்கோட்டை, தெருப் பேர், இன்று காலை இயற்கை எய்தினார். மகன் ஒருவர், மருமகள் ஒருவர், பேரன் பேத்திகள். அக்காவின் அண்ணன் குடும்பம் மட்டும். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை யார் எந்த நாள் போடுவது என்பதில் ஆரம்பித்து, அண்ணன் தம்பி கோர்ட்டு வரைக்கும் போயிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அக்கா ஆட்டோக்காரரைப் பார்த்துக் கேட்டார். "வேற யாரு?"

"நான் வண்டி ஓட்டுறவன்க்கா. அனுப்புனதக் குடுக்குறேன்."

"கேட்டுச் சொல்லு."

அவர் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். பின்னால் ஒப்பாரிச் சத்தம். "வேற யாரும் இல்ல. உள்ளத மட்டும் படிக்கச் சொல்லு" என்றது ஒரு கட்டைக் குரல்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் தெரிந்துவிடும். கூடப்பிறந்த அண்ணன் குரலைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். போன் வைத்தாகிவிட்டது.

அவர் மைக் முன்னால் உட்காரும் முன்பே இரண்டாவது ஆட்டோக்காரர் வந்துவிட்டார். சுருளிப்பட்டி. அதே அப்பா, அதே ஊர், எடுக்கும் நேரமும் அதே. மகன் மட்டும் வேறு: தம்பி. அதில் அண்ணன் இல்லை. இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் மகள் என்ற சொல் இல்லை.

"ஒங்காளுகிட்ட ஒண்ணு கேளு" என்றார் அக்கா சுருளிப்பட்டிக்காரரிடம். "அவரு பேர மைக்குல சொல்லலாமான்னு கேளு."

கேட்டார். "எம்பேரச் சொல்லாம எவன் பேரச் சொல்றதாம்?" என்று போனே அதிர்ந்தது.

கதவோரம் ஃப்ளெக்ஸ் அண்ணன் வந்து நின்றிருந்தார். "தாயி, வேணாம். வந்தத வந்தபடி ரெண்டாப் படிச்சுக் குடுத்துரு. இன்னிக்கு ஒரு நாள் ஓங் கேள்விய விட்டுரு. எழவு வீட்டுல அருவாளத் தூக்கிட்டாகன்னா?"

"அவுகவுக பேருக்கு அவுகவுக சம்மதம் சொல்லிட்டாக" என்றார் அக்கா. "அடுத்தவுக பேர வெட்ட யாரு சம்மதமும் செல்லாதுண்ணே."

விசிறியை அணைத்தார். ஒரே பதிவு. அப்பா பேர், பெரிய மகன், சின்ன மகன், இரண்டு மருமகள்கள், இரண்டு வீட்டுப் பேரன் பேத்திகள், எல்லாம் வயது வரிசையில். மருமகள்களோடு முடித்துவிட்டுப் பேரன் பேத்திகளைத் தொடங்கும் முன், ஒரு மூச்சு நிறுத்தினார். ஜேம்ஸுக்கும் மற்றொரு ஜேம்ஸுக்கும் நடுவில் விட்ட மாதிரி. பிறகு தொடர்ந்தார். குரல் எங்கேயும் தடுக்கவில்லை. அதையே இரண்டு பென் டிரைவிலும் ஏற்றி, இருவரிடமும் கொடுத்தார். கேட்காமலே வாங்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.

பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டார். "தம்பி, வாரியா?"

சின்னமனூர் வரை கம்பம் பஸ், அங்கிருந்து மினி பஸ். வழியில் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை பேசினார்: "நம்ம படகு கடைசிப் பக்கம் இன்னும் வாசிக்கலைல்ல?" இல்லை என்றேன்.

தெருமுனை டீக்கடையோடு நின்றுவிட்டார். பந்தல் தெரிந்தது. கடை பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், அடையாளம் தெரிந்து, டம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் ஆட்டோ பக்கத்து ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. பெரிய மகன் பேர் வந்தது. சின்ன மகன் பேர் வந்ததும் பந்தலுக்குள் இருந்து துண்டை உதறிக்கொண்டு ஒருவர் ஓடி வந்து ஆட்டோவை மறித்தார். அந்தக் கட்டைக் குரல்.

"நிப்பாட்றா! யாரு எழுதிக் குடுத்தது இத?"

ஆட்டோக்காரர் பயந்துபோய் எங்களைக் கைகாட்டினார். "அந்தா அங்கன நிக்கிறாகள்லண்ணே, அந்த அக்காதான் படிச்சது."

அண்ணன் திரும்பினார். அக்கா நகரவில்லை, நான் அவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தலுக்குள் ஒப்பாரி நின்றுவிட்டது. யாரோ ஒரு பெரியவர், "மைக்குல சொன்னதத் திரும்பி வாங்க முடியுமாடா? நாலு ஊருக்குப் போயாச்சு" என்றார்.

அண்ணன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "மொதல்ல இருந்து போடு."

முதலில் இருந்து ஓடியது. தலையைக் குனிந்து கேட்டார். தம்பி பேர் வந்தது. கம்பியில் இருந்து கையை எடுக்கவில்லை. மருமகள்கள், பிறகு அந்த ஒரு மூச்சு இடைவெளி. நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். பேரன் பேத்திகள். எடுக்கும் நேரம். முடிந்தது.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டார் ஆட்டோக்காரரிடம். "வேற யாரும் இல்லையா?"

"அம்புட்டுத்தாண்ணே."

அண்ணன் எங்கள் பக்கம் இன்னொரு தடவை பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அக்கா என் கையில் இருந்து பையை வாங்காமலே தெருவுக்குள் நடந்தார். பந்தலில் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சுருளிப்பட்டியில் இருந்து வேன் வந்தது. தம்பி மாலையோடு இறங்கினார். எடுக்கும்போது பாடையின் முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர். கடைசி வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அருவாளும் யாரும் தூக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எல்லார் பேரையும் சொன்னீங்க. ஒரு ஆளை விட்டுட்டீங்களேக்கா."

"விடல தம்பி. எடம் விட்டுத்தான் படிச்சேன்."

"பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கைப்பையின் ஜிப்பை மூடினார்.

"சொல்லலாமான்னு அவகிட்டயும் கேட்டேன்" என்றார். "வேணாம்னுட்டா."